முன்னுக்கு ஆடியவன்

இது போன ஆவணியில் மொன்றியலில் நடந்தது. யாரோ யாருக்கோ சொல்லிக் காற்றில் வந்த கதை இல்லை. இந்திராதேவி தன் வாயால் சொன்னது. ஒரு தடவை அல்ல, பல தடவை. வேண்டுமென்றே இடையில் மறித்து, மாற்றிக் கேட்டும் பார்த்தாயிற்று. ஒரு சொல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

அவளைத் தெரிந்தவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். பேய் பிசாசு பார்க்கிற ஆள் அவள் இல்லை. வயது ஐம்பத்துநாலு. கோட்-டெ-நெய்ஜில் ஒரு கார்டெரியில் கைக்குழந்தைகளைப் பார்க்கும் வேலை. குழந்தைகள் எல்லாம் ஒன்றாகக் கத்தினாலும் நிதானம் தவற மாட்டாள். சாத்திரம் பார்க்கப் போனதில்லை. கனவு கண்டேன் என்று யாராவது சொன்னால், "இரவைக்கு என்ன சாப்பிட்டனீர்?" என்று கேட்பாள்.

அன்றைக்கு அவள் மனதில் பயம் என்று ஒன்றும் இல்லை. எரிச்சல்தான் இருந்தது.

மகன் விதுர்சனுக்குத் தை மாதம் கலியாணம். பெண் மிஹோ. மிஹோவின் குடும்பம் ஜப்பானிலிருந்து வந்து மூன்று தலைமுறையாக இங்கே இருக்கிறது. வில்லரேயில் அவர்களுக்கு ஒரு சின்னப் புத்த கோவில். கோடையில் ஒரு நாள் அங்கே வட்டமாக நின்று ஆடுவார்கள். இறந்தவர்கள் அந்த நாட்களில் வீடு தேடி வருவார்களாம். அவர்களை மகிழ்வித்துத் திருப்பி அனுப்புகிற ஆட்டம் அது.

"ஒருக்கா வாங்கோ அம்மா. மிஹோ ஆசைப்படுறா" என்றான் விதுர்சன்.

"புத்த கோவிலுக்கோ?"

"இது சிங்கள ஆக்களின்ர கோவில் இல்ல, அம்மா."

"புத்தர் ஒராள்தானே."

என்றாலும் அவள் வரமாட்டேன் என்று சொல்லவில்லை. வருகிற மருமகளின் மனதை நோகடிக்கக் கூடாது. ஆனால் எரிச்சலின் வேர் அங்கே இல்லை. அது வேறு இடத்தில் இருந்தது.

இந்திராதேவிக்கு ஒரு தம்பி. அருமைராசா. வீட்டில் ராசன். இரண்டாயிரத்து ஒன்பதில், வன்னியில் சண்டை முடிகிற கடைசி நாட்களில் காணாமற்போனான். அப்போது அவனுக்கு இருபத்தொன்பது வயது. கலியாணம் கட்டவில்லை. அவன் செத்ததைக் கண்டவர் இல்லை. பிடித்துக்கொண்டு போனதைக் கண்டவரும் இல்லை. ஒரு பதுங்குகுழிக்குப் பக்கத்தில் நின்றான் என்று ஒருவர் சொன்னார். அவ்வளவுதான்.

பதினாறு வருடம் இந்திராதேவி தேடினாள். எத்தனையோ அலுவலகங்களுக்கு அவன் படத்தை அனுப்பினாள். பேர் கேட்டார்கள், பிறந்த திகதி கேட்டார்கள், அடையாளம் கேட்டார்கள். பிறகு அதையே திரும்பவும் கேட்டார்கள். இருக்கிறான் என்று ஒருவரும் சொல்லவில்லை. இல்லை என்றும் ஒருவரும் சொல்லவில்லை.

அந்த வருடம் வைகாசியில் அவளுடைய புருஷன் கிருபானந்தன் மெல்லத் தொடங்கினான். "பெடியன்ர கலியாணம் வருகுது. அதுக்கு முன்னம் இதுக்கு ஒரு முடிவு எடுப்பம். எவ்வளவு காலத்துக்குத்தான்…"

அவள் களைத்துப் போயிருந்தாள். "செய்யுங்கோ" என்றாள். ஐயர் வந்தார். எள்ளும் தண்ணீரும் விட்டார்கள். ராசனின் படத்துக்கு மாலை போட்டார்கள். வந்தவர்கள் சாப்பிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து யாரிடம் கோபிப்பது என்று தெரியாமல் எல்லோரிடமும் கோபித்துக்கொண்டு திரிந்தாள்.

அந்தச் சனிக்கிழமை பின்னேரம் வில்லரே முழுக்கத் தெருவைக் கிண்டிப் போட்டிருந்தார்கள். எங்கே திரும்பினாலும் செம்மஞ்சள் கூம்புகள். கிருபானந்தன் ஒரே சந்தியைச் சுற்றிச் சுற்றி வந்தான். கடைசியில் ஒரு முடுக்கில் காரை நிறுத்தினான்.

"நீர் இறங்கும். நான் பார்க் பண்ணிப்போட்டு வாறன்."

"நான் தனியப் போய் என்ன செய்யிறது?"

"பெடியன் நிப்பான்தானே."

பட்டுச்சேலையோடு வெயிலில் நடந்தாள். முதுகு நனைந்துவிட்டது. மகனுக்கு ஃபோன் அடித்தாள். எடுக்கவில்லை. திரும்ப அடித்தாள். எடுக்கவில்லை. போய்ப் பார்த்தால் அவன் ஒரு கூடாரத்துக்குள் நின்று நூடில்ஸ் வறுத்துக்கொண்டிருக்கிறான். தூரத்திலிருந்தே கையைக் காட்டினான். திரும்பவும் சட்டியைக் கிளறப் போய்விட்டான்.

கோவில் என்றால் கோபுரமா இருக்கிறது? சிவப்புச் செங்கல் கட்டடம். பக்கத்தில் கார்கள் நிறுத்துகிற முற்றம். அன்றைக்குக் கார்களை எடுத்துவிட்டு, நடுவில் மரத்தால் ஒரு சின்ன மேடை கட்டியிருந்தார்கள். மேடையில் பெரிய மேளம். மேடையிலிருந்து நாலு பக்கமும் கயிறு இழுத்து, சிவப்பு, மஞ்சள், நீலம் என்று கடதாசி விளக்குக் கூடுகள். இலங்கையில் புத்தருக்குக் கட்டுகிற வெசாக் கூடுகளைப் போலத்தான் இருந்தன. அதைப் பார்க்கவும் அவளுக்கு எரிச்சல் வந்தது.

மிஹோ நீல உடுப்போடு ஓடி வந்தாள். அவள் பேசியது ஆங்கிலம். இந்திராதேவிக்கு விளங்கட்டும் என்று மெதுவாகவே பேசுவாள்.

"ஆன்ட்டி, நீங்களும் ஆட வேண்டும்."

"எனக்கு ஆடத் தெரியாது, பிள்ளை."

"ஒருவருக்கும் தெரியாது. முன்னால் நிற்பவரைப் பார்த்து அப்படியே செய்யுங்கள். அது போதும்."

நிலக்கரி வெட்டுகிறவர்களின் ஆட்டமாம். மிஹோ செய்து காட்டினாள். மண்வெட்டியால் வெட்டுவது. தோளுக்கு மேலால் எறிவது. ஒரு அடி பின்வைத்து, கையை நெற்றியில் பிடித்து, திரும்பிப் பார்ப்பது. வண்டியைத் தள்ளுவது. கடைசியில் கை தட்டுவது. பிறகு முதலிலிருந்து. காட்டிவிட்டு, பழகியவர்கள் ஆடுகிற உள்வட்டத்துக்குப் போய்விட்டாள். இந்திராதேவி வெளிவட்டத்தில் நின்றாள். முன்னால் ஒரு மாணவப் பெண். பின்னால் தொப்பி போட்ட ஒரு கியூபெக் பெண்மணி. பெயர் மொனிக் என்று பிறகுதான் தெரிந்தது.

மேளம் தொடங்கியது. டொம்… டொம்… டக்.

வெட்டு. வெட்டு. எறி. பார். தள்ளு. தட்டு.

கை ஒரு பக்கம் போனால் கால் மறுபக்கம் போனது. எல்லோரும் வெட்டும்போது அவள் தள்ளினாள். எல்லோரும் தட்டும்போது அவள் திரும்பிப் பார்த்தாள். இந்த வயதில் எனக்கு இது தேவையா என்று நினைத்தாள். ஃபோன் அதிர்ந்தது. கிருபானந்தன்.

"இன்னும் இடம் கிடைக்கேல்ல."

அவள் ஃபோனை வைத்தாள்.

பாட்டு நடுவில் மாணவப் பெண் தண்ணீர் குடிக்க விலகிப் போனாள். முன்னால் இடைவெளி. அதை நிரப்ப இந்திராதேவி காலை எடுத்தாள்.

அங்கே ஒருவர் நின்றார்.

எந்தப் பக்கத்தால் வந்தார் என்று அவள் காணவில்லை. சாயம் ஏறாத வெள்ளைத் துணி உடுப்பு. மெலிந்த முதுகு. கழுத்துக்குப் பின்னால் மயிர் நரைத்திருந்தது. காலில் ஒன்றும் இல்லை. பகல் முழுக்கக் காய்ந்த தார்த்தரை. செருப்போடே அவளுக்குச் சுட்டது. அந்த மனிதர் வெறும் பாதத்தை அழுத்தி அழுத்தி வைத்தார்.

அவருடைய தலைக்கு மேலே கயிற்றில் ஒரு வெள்ளைக் கூடு தொங்கியது. மற்றக் கூடுகளில் எல்லாம் எழுத்து இருந்தது. அதில் ஒன்றும் இல்லை.

சரி, இவரைப் பார்த்து ஆடுவோம் என்று நினைத்தாள்.

வெட்டு. வெட்டு. எறி…

"அவான்சே, மதாம்" என்றாள் பின்னால் நின்ற மொனிக். முன்னுக்குப் போகச் சொல்கிறாள்.

எங்கே போவது? முன்னால்தான் ஆள் நிற்கிறதே. இந்திராதேவி திரும்பி முறைத்தாள். மொனிக் சிரித்துக்கொண்டு கையால் முன்னுக்குக் காட்டினாள்.

இவளுக்குக் கண் தெரியாதா?

அடுத்த சுற்றில்தான் ஒன்றைக் கவனித்தாள். எல்லோரும் ஒன்றாகக் கை தட்டுகிறார்கள். டப் என்று ஒரே சத்தம். பக்கத்தில், பின்னால், தன்னுடைய கை… எல்லாம் கேட்கிறது. முன்னால் நிற்பவரின் கைகளும் சேர்கின்றன. அந்த இடத்திலிருந்து மட்டும் சத்தம் இல்லை.

மேளச் சத்தத்தில் கேட்கவில்லையாக்கும் என்று நினைத்தாள். அடுத்த தடவை காதைக் கொடுத்துக் கேட்டாள்.

இல்லை.

பிறகு அவர் வெட்டுவதைப் பார்த்தாள். மற்றவர்கள் காற்றில் கையை அசைத்தார்கள். அது ஆட்டம். இவர் ஆடவில்லை. வெறுங்காலை ஊன்றி, கையில் இல்லாத மண்வெட்டியை ஓங்கி, உடம்புப் பாரத்தை இறக்கி, மண்ணைப் பெயர்த்து, குனிந்த தலையை நிமிர்த்தாமல் வெளியே எறிந்தார். நிமிர்ந்தால் ஆபத்து என்பது போல எறிந்தார்.

அப்படி வெட்டுகிறவர்களை அவள் கண்டிருக்கிறாள். ஊரில். பங்கர் வெட்டும்போது.

மண் வாசம் வந்தது. ஈர மண். முற்றத்தில் ஒரு துளி மழை இல்லை, ஒரு பிடி மண் இல்லை. முழுக்கத் தார்.

அவருடைய முகத்தைப் பார்க்க வேண்டும்.

திரும்பிப் பார்க்கிற அடி வந்தது. அவர் பின்னே அடி வைத்தார். தலை திரும்பியது. ஆனால் கை நெற்றிக்கு வந்து முகத்தை மறைத்தது. ஆட்டமே அப்படித்தான். இந்திராதேவி அடுத்த சுற்றுக்குக் காத்திருந்தாள். திரும்பவும் அடி. திரும்பவும் தலை. திரும்பவும் கை.

அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. வேகமாக நடந்தாள். அவர் வேகமாக நடந்ததாகத் தெரியவில்லை. ஆனால் இடைவெளி குறையவில்லை. வட்டத்துக்கு உள்ளே போய் எட்டிப் பார்க்கப் போனாள். ஒரு குழந்தை குறுக்கே ஓடியது. வெளிப்பக்கம் போனாள். சேலைத் தலைப்பு யாருடைய பையிலோ மாட்டிக்கொண்டது. இழுத்து எடுத்துப் பார்த்தபோது அவர் பழையபடி முன்னால் நின்றார். முதுகுதான் தெரிந்தது.

"மதாம்… அவான்சே, சில் வூ ப்ளே."

அடுத்த அடி.

முகத்தை மறைத்த கையைப் பார்த்தாள். இடக் கை. சின்ன விரலும் மோதிர விரலும் மடிந்து கிடந்தன. மற்ற விரல்கள் நிமிர்ந்திருந்தன. அந்த இரண்டும் நிமிரவில்லை.

அடையாளம் என்று கேட்டவர்களுக்கெல்லாம் அவள் சொன்னது அதைத்தான். சின்ன வயதில் சைக்கிள் செயினுக்குள் விட்ட விரல்கள்.

மேளம் அடித்துக்கொண்டிருந்தது.

அவளுக்குக் கால் இடறியது.

முன்னால் நின்றவர் திரும்பவில்லை. குரல் மட்டும் வந்தது. காதுக்குக் கிட்ட. தமிழில்.

"நான் வைச்ச இடத்தில கால வையக்கா."

தொண்ணூற்றைந்தில் சண்டைக்குப் பயந்து யாழ்ப்பாணமே எழும்பி நடந்தது. மழை. இருட்டு. வயல் வரம்பெல்லாம் வெள்ளத்துக்குள். எங்கே மிதிவெடி, எங்கே கிணறு என்று தெரியாது. பதினைந்து வயது ராசன் தடியால் தட்டித் தட்டி முன்னே போனான். அவள் பின்னால் போனாள். வழி நெடுகிலும் அவன் சொல்லிக்கொண்டு போனது அந்த ஒரு வசனம்தான். அடுத்த வருடம் அவள் கனடாவுக்கு வந்துவிட்டாள். அதற்குப் பிறகு அந்தக் குரலை ஃபோனில்தான் கேட்டாள். பிறகு அதுவும் இல்லை.

அவள் அவன் வைத்த இடத்தில் கால் வைத்தாள்.

அடி தவறவில்லை.

வெட்டு. வெட்டு. எறி. பார்…

ஒரு அடியும் தவறவில்லை.

"ராசன்" என்றாள்.

தள்ளு. தட்டு.

"ராசன், திரும்படா."

வெட்டு. வெட்டு.

"ஒருக்கா…"

தட்டு.

மேளம் நின்றது.

எல்லோரும் கை தட்டினார்கள். வட்டம் கலைந்தது. அவன் வட்டத்தை விட்டு வெளியே நடந்தான். அந்த வெள்ளைக் கூட்டுக்குக் கீழால் குனிந்து, கோவில் சுவரை ஒட்டி, கட்டடத்தின் பக்கவாட்டுக்குப் போனான். இந்திராதேவி ஆட்களை இடித்துக்கொண்டு பின்னால் ஓடினாள். மூலையில் திரும்பினாள்.

குப்பைத் தொட்டிகள். பூட்டின இரும்பு வேலி. அதற்கு அப்பால் பக்கத்து வீட்டுச் சுவர்.

ஆள் இல்லை.

வேலியைப் பிடித்து உலுக்கினாள். பூட்டு அசையவில்லை. சூரியன் இன்னும் முழுதாக இறங்கவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் எல்லாம் வெளிச்சமாகத் தெரிந்தது. ஒளிக்க ஒரு இடம் இல்லை.

அவள் அங்கேயே நின்று சுவரைக் கையால் அடித்தாள். பதினாறு வருடம் கழித்து வந்தவன், முகத்தைக் காட்டாமல் போய்விட்டான். அந்த நேரத்தில் பயம் வரவில்லை என்று அவள் சொல்கிறாள். ஆத்திரம்தான் வந்ததாம்.

விதுர்சன் ஓடி வந்தான். கையில் கரண்டி. "அம்மா, என்ன? யாரைத் தேடுறீங்கள்?"

"எனக்கு முன்னால ஆடின ஆள். வெள்ளை உடுப்பு."

"நான் அங்கயிருந்து பாத்துக்கொண்டுதான் நிண்டனான். உங்களுக்கு முன்னால ஒருத்தரும் இல்லையே."

மொனிக்கும் வந்தாள். தொப்பியைக் கழற்றிப் பிடித்துக்கொண்டு பிரெஞ்சில் பணிவாகச் சொன்னாள். விதுர்சன் தமிழில் சொன்னான். "உங்களுக்கு முன்னால பெரிய இடைவெளி கிடந்ததாம். வட்டம் அறுந்து நிண்டதாம். அதுதான் முன்னுக்குப் போகச் சொன்னவவாம். கோபிக்க வேண்டாமாம்."

மிஹோ தண்ணீர்ப் போத்தலோடு வந்து அவளை ஒரு மர வாங்கில் இருத்தினாள்.

"எந்தப் பக்கம் போனார், ஆன்ட்டி?"

"அந்த வெள்ளைக் கூட்டுக்குக் கீழால."

மிஹோ நிமிர்ந்து பார்த்தாள். இந்திராதேவியும் பார்த்தாள். கயிற்றில் சிவப்பு, மஞ்சள், நீலம். திரும்பவும் சிவப்பு.

வெள்ளை இல்லை.

"இந்த வருடம் நாங்கள் வெள்ளை கட்டவில்லை, ஆன்ட்டி."

"ஏன்?"

மிஹோ கயிற்றைக் காட்டினாள். "நிறக் கூடுகள் எல்லோருக்கும் பொது. எப்போதோ இறந்தவர்கள், எங்கள் பாட்டன் பூட்டன் எல்லோருக்கும். அவர்களுக்கு வழி பழக்கம். வெள்ளை வேறு. போன கோடைக்கும் இந்தக் கோடைக்கும் இடையில் ஒருவர் இறந்திருந்தால், அவர் இப்போதுதான் முதல் தடவையாக வருகிறார். அவருக்கு வழி தெரியாது. அதற்காக அவருடைய வீட்டார் வெள்ளைக் கூடு ஒன்று கட்டுவார்கள். அந்த முதல் வருடம் மட்டும்தான். இந்த வருடம் எங்கள் கோவிலில் அப்படி ஒருவரும் இல்லை."

மேடையில் திரும்பவும் மேளம் தொடங்கியது. ஆட்கள் வட்டத்துக்குப் போனார்கள். மிஹோ எழும்பவில்லை. இந்திராதேவியின் கையைப் பிடித்தபடி இருந்தாள்.

இந்திராதேவிக்கு அந்த நரைத்த கழுத்து நினைவுக்கு வந்தது. காணாமற்போகும்போது ராசனுக்கு ஒரு நரை இல்லை. இருபத்தொன்பது வயது. அன்றைக்கே செத்தவனுக்கு எப்படி நரைக்கும்?

அப்படியென்றால் அவன் அன்றைக்குச் சாகவில்லை. எங்கேயோ இருந்திருக்கிறான். ஏதோ ஒரு இடத்தில், யாரோ ஒருவருடைய பிடியில், வருடக் கணக்காக… அவளைப் போலவே நரைத்துக்கொண்டு.

போன கோடைக்கும் இந்தக் கோடைக்கும் இடையில்.

அப்போதுதான் கிருபானந்தன் வியர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தான். "சுத்திச் சுத்தி அலுத்துப்போனன். முடிஞ்சுதோ? ஏன் முகம் ஒரு மாதிரி கிடக்கு?"

இந்திராதேவி அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"வைகாசியில எள்ளுத் தண்ணி விட்டனாங்கள் எல்லே…"

"ஓம். அதுக்கென்ன இப்ப?"

"அண்டைக்கு அவன் உயிரோட இருந்தவனோ தெரியேல்ல."